சாரங் அண்ணாச்சியும் பீட்ரூட் பவுடரும்

பீட்ரூட்டைப் பார்த்தால் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு நாக்கு. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, ஐம்பத்தாறு வயது மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை முழுதாக நீட்டிக் காட்டுவார். ஊதாவும் சிவப்பும் கலந்து கறையேறிய நாக்கு. "பாத்தியா தம்பி, இன்னிக்கும் குடிச்சாச்சு" என்பார். இரண்டு தீவுகளுக்கு நடுவே உள்ள கடற்கழியை, பஸ்ஸையும் லாரியையும் ஏற்றிக்கொண்டு கடக்கும் வெஹிக்கிள் போட்டை ஓட்டுகிறவர் அவர். போட் ஓட்டுகிறவரை அந்தமானில் சாரங் என்பார்கள். எனக்கு அவர் சாரங் அண்ணாச்சி. தூத்துக்குடிக் கடற்கரைக்காரர், இருபது வருடத்துக்கு மேலாக அந்தப் போட்டின் சுக்கான் சக்கரத்தைப் பிடித்தவர். போட் கரை தட்டும்போது டீ கிளாஸில் டீ அலுங்காது என்று அவரே சொல்லிக்கொள்வார். அது உண்மைதான்.

ஹேவ்லாக், பாராடாங் என்றால் சுற்றுலா வந்தவர்களுக்குத் தெரியும். நான் பார்மசிஸ்டாக இருந்த தீவை யாருக்கும் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஒரு ஆஸ்பத்திரி, ஒரு பள்ளிக்கூடம், நான்கு கடை, மீதி எல்லாம் அலையாத்திக் காடு. பத்லி, அதாவது இடமாற்றம் கேட்டு ஆறு மாதத்துக்கு ஒரு மனு போடுவேன். பதில் வராது. மழைக்காலத்தில் சுவரெல்லாம் பூசணம் பிடித்த குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து, எதற்காக இந்த வேலைக்குப் பரீட்சை எழுதினோம் என்று என்னையே திட்டிக்கொள்வேன். வெளியே போக அந்தப் போட்டை விட்டால் வேறு வழி கிடையாது. வாய்நிறையத் தமிழ் பேச அண்ணாச்சியை விட்டால் வேறு ஆளும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடித்து வரும்போது தூக்குவாளியில் மீன்குழம்போடு வருவார். அந்தக் குழம்புக்காக வாரம் முழுக்கக் காத்திருந்திருக்கிறேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையில் ஒன்று, உடம்பில் இருக்கும் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுகிற வகை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அது சாதாரண மாத்திரை. சாரங்குக்கு அது தண்டனை. சக்கரத்தைப் பிடித்துவிட்டால் அக்கரைக்கும் இக்கரைக்குமாக நடை மேல் நடை. மேலே அந்தக் கேபினில் நிற்கத்தான் இடம், கழிப்பறைக்கு எங்கே போவது? அதனால் மாதாமாதம் மாத்திரையை வாங்கிக்கொண்டு போய் அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டார். இதை அவரே ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அத்தோடு கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், நைட்ரிக் ஆக்சைடு கூடினால் ரத்தக்குழாய் விரியும், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள் என்று தமிழில் முழங்கிக்கொண்டிருந்தார்.

அப்போது நான் செய்திருக்க வேண்டியது ஒன்று, செய்தது வேறு. நாலு வருடமாக என்னிடம் யாரும் மாத்திரை காலையிலா சாயங்காலமா என்பதற்கு மேல் எதுவும் கேட்டதில்லை. படித்ததைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பீட்ரூட்டிலும் கீரையிலும் நைட்ரேட் இருக்கிறது, நாக்கில் குடியிருக்கும் கிருமிகள் அதை முதலில் மாற்றுகின்றன, பிறகு உடம்பு அதிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்கிறது, குழாய்கள் தளர்ந்து அழுத்தம் கொஞ்சம் குறையலாம் என்று அரைமணி நேரம் பாடம் நடத்தினேன். மாத்திரையை மட்டும் விடாதீர்கள் என்பதைக் கடைசியில், பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவர் காதில் அது விழவே இல்லை. கப்பல் தாமதமானால் தீவில் பீட்ரூட் கண்ணில் படாது. ஆகவே மெயின்லேண்ட் போய் வந்த ஒருவரிடம் சொல்லி பவுடர் டப்பாவும், அதே வேலைக்கென்று விற்கும், அர்ஜினைன் என்று எழுதிய கேப்ஸ்யூல் புட்டியும் வரவழைத்துக்கொண்டார்.

"டாக்டர் மேடம்கிட்ட சொல்லிராத தம்பி. தவாய், மாத்திரை திங்கலன்னு தெரிஞ்சா போட்டை விட்டு எறக்கிருவாவ. எறக்குனா அவ்வளவுதான், திருப்பி ஏத்த மாட்டாவ. போட் கட்டுற ஜெட்டில கயிறு பிடிச்சிக்கிட்டுக் கெடக்கணும்" என்றார். சொல்லமாட்டேன் என்றேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. சொன்னால் அவர் பிழைப்பும் என் ஒரே துணையும் போய்விடும். சொல்லாவிட்டால், இரண்டு பஸ் ஜனத்தோடு நடுக்கழியில் அவருக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது? போட் ஹாரன் அடித்தால் கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிடுவேன். கரை தட்டிய சத்தம் கேட்ட பிறகுதான் அடுத்த நோயாளியின் சீட்டைக் கையில் வாங்குவேன்.

அண்ணாச்சிக்கு வருடாந்திர உடல்தகுதிப் பரிசோதனை வந்தது. ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் அம்மா வங்காளி, கண்டிப்பானவர். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று இந்தியில் கேட்டார். "ரோஜ் காத்தா ஹூம், மேடம்", தினமும் சாப்பிடுகிறேன் என்று அண்ணாச்சி கூசாமல் சொன்னார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். மாதம் தவறாமல் வாங்கிக்கொண்டு போகிறார் என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சாப்பிட்டும் குறையவில்லையே என்று நினைத்த அந்த அம்மா, மருந்தை இரட்டித்து, இன்னொரு மாத்திரையும் சேர்த்து எழுதினார். மாற்றுச் சாரங் லீவில் மெயின்லேண்ட் போயிருந்தார். இவரையும் இறக்கினால் போட் நின்றுவிடும். ஆகவே ஒரு வாரம் தவணை, அதன்பின் மறுபடி டெஸ்ட்.

மருந்தை எடுத்துக் கொடுக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அண்ணாச்சிக்கு ஜர்தாப் புகையிலை போட்ட பான் இல்லாமல் ஓடாது. அந்த வாடை டாக்டருக்குத் தெரியக்கூடாது என்று, நான் கொடுத்த மருந்துத் தண்ணீரால் தினம் மூன்று வேளை வாய் கொப்பளிப்பார். நாக்கில் இருக்க வேண்டிய கிருமியை அதுவே கொன்றிருக்கும். பவுடர் எங்கே வேலை செய்யும்? இரண்டையும் பற்றிச் சொன்னவன் நான், சேர்த்துப் பார்க்க மறந்தவனும் நானே. உடனே அவரைத் தனியாகக் கூப்பிட்டு, வாய் கொப்பளிப்பதை நிறுத்துங்கள், மாத்திரையைச் சாப்பிடுங்கள் என்றேன். பெரிய தப்பை அப்படியே வைத்துக்கொண்டு, சின்னத் தப்பைச் சரி செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். டாக்டர் எழுதிய அளவே ஒரு பொய்யின் மேல் எழுதப்பட்டது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் காலை பத்லி விஷயமாகப் போர்ட் பிளேர் போக அந்தப் போட்டில் நின்றிருந்தேன். பாதிக் கழியில் போட் மெல்லத் திரும்பியது. ஜெட்டி இருந்த திசை மாறி, அலையாத்தி வேர்கள் நேராக வந்தன. மேலே இருந்து, போட்டின் கையாளான லஸ்கர் கத்தினான். நான் ஏறிப் போவதற்குள் அவன் எஞ்சினை நிறுத்திவிட்டான். ஆனால் போட் சேற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கடல் இறங்குகிற நேரம். இனி நீர் ஏறும்வரை அசையாது. அண்ணாச்சி தரையில் கிடந்தார். முகம் வெளுத்து வியர்த்திருந்தது, நாடி கைக்கு அகப்படவே நேரமானது. காலைத் தூக்கி என் பையின்மேல் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கண் திறந்தார். வெறும் வயிற்றில் இரட்டை மாத்திரை, புது மாத்திரை, பவுடர், இரண்டு கேப்ஸ்யூல், எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கியிருந்தார். "டெஸ்டுக்கு மூணு நாளுதான இருக்கு, அதான்" என்றார்.

டுங்கி என்கிற சின்னப் படகில் டாக்டர் அம்மா வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை நாங்கள் எல்லோரும் அந்தச் சேற்றில் மாட்டிக்கொண்டு கிடந்தோம். பஸ்ஸுக்குள் குழந்தைகள் அழுதன, யாரோ மதியக் கப்பலைப் பற்றிப் புலம்பினார்கள். அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. டாக்டர் ஏறி வந்து, என்ன சாப்பிட்டார் என்று கேட்டபோது அந்தப் பிடி இறுகியது. "வேண்டாம் தம்பி" என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர்கள் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிடி தானாகத் தளர்ந்தது.

அவரைச் சாரங் வேலையிலிருந்து இறக்கி, ஜெட்டியில் கயிறு பிடிக்கப் போட்டார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அது எனக்குத் தேவையானதுதான். பவுடர் இல்லாமல், கேப்ஸ்யூல் இல்லாமல், பழைய மாத்திரையை முதலில் எழுதிய அளவிலேயே சாப்பிட்டு இரண்டே மாதத்தில் அவர் அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது. ஜெட்டியில் கழிப்பறை இருக்கிறது. மருந்து ஜன்னலுக்கு வருவார், சீட்டை நீட்டுவார், வாங்கிக்கொண்டு போவார். மீன்குழம்பும் நின்றது. இப்போது நான் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு ஒருவராவது அந்தப் பவுடரைப் பற்றிக் கேட்கிறார்கள். பீட்ரூட்டும் கீரையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், மற்றதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டு எடுங்கள் என்கிறேன். எதிரே நிற்கிறவர் முகம் சுளித்தாலும் நானே போய் டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன். துறையில் எனக்கு நல்ல பேர் இல்லை.

போட் சேற்றில் ஏறியதற்கு மறு வருடம் எனக்குப் பத்லி கிடைத்தது. பெட்டியோடு ஜெட்டிக்குப் போனேன். போட்டில் வேறு சாரங். கயிற்றடியில் அண்ணாச்சி நின்றிருந்தார். போயிட்டு வரேன் என்றேன். என்னைப் பார்க்காமல் கயிற்று முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"நான் சொல்லாதன்னு சொன்னேன். சரி. பொழப்புக்குப் பயந்தவன் ஆயிரம் சொல்லுவான். நீ படிச்சவன்தான தம்பி, நீ ஏன் எம்பேச்சக் கேட்ட?"

ஹாரன் அடித்தது. அவர் குனிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டார்.