அசரீரி அண்ணை

இப்போதும் ஒரு கதிரையில் இருப்பதற்கு முன்னர் என் கண் தானாக மேலே போய்விடும். கலியாண வீடாக இருந்தாலும் சரி, கோயில் மடமாக இருந்தாலும் சரி, கூரை மூலையில் கறுப்பாக உருண்டையாக ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இருப்பேன். பல்லி விழுமென்று பயமோ என்று என் புருஷன் பகிடி பண்ணுவார். பல்லி என்றால் பரவாயில்லை. பல்லி சொன்னாலும் நல்லது கெட்டதுதான் சொல்லும். ஏன் இருக்கிறாய் என்று கேட்காது.

திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு புடவைக் கடையில் எனக்கு வேலை. கடைக்குச் சொந்தக்காரர் கனடாவில். எங்கள் ஊரில் இது புதினமில்லை. முதலாளி ஒரு நாட்டிலும் வேலைக்காரர் இன்னொரு நாட்டிலும் இருக்கிற கடைகள் இப்போது வீதிக்கு வீதி உண்டு. எங்களுடையவர் வந்தார், கட்டினார், திறந்தார், கமரா பூட்டினார், பிளேன் ஏறிவிட்டார். போகும்போது ஒரு கட்டளையும் போட்டார். தன்னை முதலாளி என்று கூப்பிடக்கூடாதாம், அண்ணை என்று கூப்பிட வேண்டுமாம். தான் அப்படிப்பட்ட ஆள் இல்லையாம்.

அந்தக் கமராவுக்குக் கண்ணோடு வாயும் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. முதன்முதலில் அது கதைத்தபோது நான் கொடிகாமத்தில் இருந்து வந்த ஒரு அம்மாவுக்குக் கூறைச்சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "உதிலை ஏன் சாய்ஞ்சுகொண்டு நிக்கிறீர்?" என்று தலைக்கு மேலே ஒரு ஆம்பிளைக் குரல். அந்த அம்மா சேலையைப் போட்டுவிட்டு முருகா என்று நெஞ்சில் கை வைத்துவிட்டார். தன்னைத்தான் கேட்டது என்று நினைத்து நிமிர்ந்து வேறு நின்றார், பாவம். கூறை வாங்க வந்த மனுசி வெறுங்கையோடு போய்விட்டது. அதற்கும் எனக்குத்தான் ஏச்சு.

அன்றிலிருந்து அண்ணைக்கு அசரீரி என்று பெயர் வைத்தோம். அந்தப் பெயரை உடுப்பு மாற்றிப் பார்க்கிற அறைக்குள் மட்டும்தான் சொல்வோம். கமரா இல்லாத இடம் அது ஒன்றுதான்.

அசரீரியின் முதல் சட்டம், வேலை நேரத்தில் ஒருவரும் கதிரையில் இருக்கக்கூடாது. கடையில் சனம் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். மடித்ததை விரித்து மறுபடி மடிக்க வேண்டும். வாடிக்கையாளரோடு வருகிற புருஷன்மாருக்காக இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் வாசலோடு கிடந்தன. அவற்றில் நாங்கள் சும்மா கை வைத்தாலே மேலே ஒரு கிளிக் சத்தம் கேட்கும். குரல் வருவதற்கு முன்னர் அந்தக் கிளிக். அந்தக் குரலை விட அந்தக் கிளிக்குக்குத்தான் எனக்குப் பயம். ஒருமுறை துணிந்து, கொஞ்ச நேரம் இருந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன். தான் அங்கே பனிக்குள் வருடக்கணக்காக நின்றுதான் இந்தக் கடையைக் கட்டியதாகச் சொன்னார். நீங்கள் நின்றதற்கு நாங்கள் ஏன் நிற்க வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். விழுங்கி விழுங்கியே எனக்குக் காஸ்ற்றிக் வந்தது.

தொடக்கத்தில் ஒரு வழி இருந்தது. எங்களுக்குப் பதினொரு மணி தாண்டினால் அவருக்கு நடுச்சாமம். அவர் படுத்துவிடுவார், நாங்கள் மூச்சு விடுவோம். பிறகு அந்த மனுசனுக்கு நித்திரையும் கெட்டுப் போனது. மத்தியானத்திலும் கிளிக், பின்னேரத்திலும் கிளிக். எந்த நேரம் பார்க்கிறார், எந்த நேரம் இல்லை என்று தெரியாமல் எந்நேரமும் பார்க்கிறார் என்றே வைத்துக்கொண்டோம். வீட்டுக்குப் போய்ச் சமைக்கும்போதும் நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். புருஷனிலும் பிள்ளைகளிலும் எரிந்து விழுவேன். இருந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் கால் உளையும்.

இதற்குள் எங்களோடு வேலை செய்த குருநகர்ப் பிள்ளைக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. வேதக்காரப் பிள்ளை, கழுத்தில் சின்னச் சிலுவையோடு எந்நேரமும் சிரித்துக்கொண்டிருப்பாள். முதலில் வந்தது தங்காமல் போய், பல வருடம் நேர்ந்து கிடைத்தது இது. நெடுநேரம் நிற்கக்கூடாது, நின்றால் இதையும் இழக்க வேண்டி வரும் என்று கிளினிக்கில் டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வேலையை விடவும் ஏலாது. புருஷன் கடலுக்குப் போகாத நாட்களில் இவளுடைய சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

நாங்கள் முறை வைத்து அவளை உடுப்பு மாற்றுகிற அறைக்குள் அனுப்பினோம். உள்ளே சேலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் இருப்பாள். ஒரு கொஞ்ச நேரம்தான். அதற்குள் மேலே கிளிக். மற்றப் பிள்ளை எங்கே என்று கேட்கும். சாமான் எடுக்கப் போனாள் என்போம். மாதம் ஏற ஏற அவளுடைய கால் வீங்கிச் செருப்பின் வார் சதைக்குள் புதைந்தது. போனை எடுத்து அவரிடமே கேட்டேன். அண்ணை, எங்களுக்கு வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு கதிரை.

"ஒருத்திக்குக் குடுத்தால் நாளைக்கு எல்லாருக்கும் குடுக்கோணும். நிக்க ஏலாதெண்டால் இந்த மாதத்தோடை வீட்டிலை நிக்கச் சொல்லும்" என்றார்.

நான் அதை அவளிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "நான் நிப்பன் அக்கா. மாதா பாத்துக்கொள்ளுவா" என்றாள். மேலே இருந்து பார்க்கிறவர்கள் கூடிவிட்டார்கள், ஒருவராவது ஒரு கதிரை போடுகிறார்களில்லையே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

மாதம் முடியக் கிட்ட ஒரு காலை, கிளிக் கேட்டது. நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டுதான் இருந்தோம். "பிள்ளை" என்றது குரல். என் போன் அடித்தது. அண்ணைதான், ஆனால் அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. நடுங்கியது. மானிப்பாயில் அவருடைய அம்மா தனியே இருக்கிறார். கவனிக்கிற மனுசி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாளாம். அங்கேயும் ஒரு கமரா.

"அம்மா கதிரையிலை இருந்தபடி இருக்கிறா. கனநேரமா அசையுறா இல்லை. போன் எடுக்கிறா இல்லை. ஒருக்காப் போய்ப் பாரும் பிள்ளை."

நான் மானிப்பாய்க்காரி, என்னிடம் ஸ்கூட்டி இருக்கிறது, அதனால் என்னைத்தான் பிடித்தார். கொக்குவில், தாவடி, சுதுமலை என்று விழுந்தடித்து ஓடினேன். போகிற வழியெல்லாம் மனம் ஒரு நிலையில் இல்லை. ஐயோ அந்த மனுசிக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று ஒரு பக்கம். செத்தவீடென்றால் கடை பூட்டுவார்கள், குருநகர்ப் பிள்ளை சில நாள் படுத்துக் கிடக்கலாம் என்று இன்னொரு பக்கம். இப்படியும் நினைக்கிறாயே மூதேவி என்று ஹெல்மெற்றுக்குள் என்னை நானே ஏசிக்கொண்டேன்.

கேற் பூட்டியிருக்கவில்லை. பெரிய வீடு, மாபிள் பதித்த விறாந்தை, உள்ளே ஹோலின் நடுவில் ஒரு கதிரை. அதில் வெள்ளைத் தலையோடு அந்த அம்மா. கை இரண்டும் மடியில். கிட்டப் போனேன். கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்து அந்தக் கண் சிமிட்டியது.

"ஆர் பிள்ளை நீ?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

மகனின் கடையில் வேலை செய்கிறேன் என்றேன். என்னம்மா செய்கிறது, நெஞ்சு நோகிறதோ என்று பதறினேன். ஒன்றுமில்லை, பதறாமல் கதை என்றார். வீட்டுக் கமராவுக்குக் கண் மட்டும்தானாம், வாயும் இல்லை, காதும் இல்லை. விலை கூடினதைக் கடைக்குப் பூட்டிவிட்டு மலிவானதைத் தாய்க்குப் பூட்டியிருக்கிறார். அப்போதுதான் அவருடைய தொடைக்குக் கீழே போன் அடிக்கிற சத்தம் கேட்டது.

"நான் எழும்பி நடந்து திரிஞ்சால் அவன் பாத்திட்டுப் போயிடுவான். அசையாமல் இருந்தால்தான் போன் எடுத்துக் கதைப்பான்" என்றார்.

எனக்குக் கோபமா அழுகையா என்று பிரிக்கத் தெரியவில்லை. நான் குடல் தெறிக்க ஓடி வந்திருக்கிறேன், மகன் அங்கே உயிர் போய்த் துடிக்கிறார், இந்த மனுசி போனை அடைகாக்கிறது. எடுங்கோவன் அம்மா என்று கெஞ்சினேன்.

"கொஞ்சம் அடிக்கட்டும்" என்றார்.

அதற்குள் கமராவில் என்னைக் கண்டுவிட்டு மகன் என் போனுக்கு அடித்தார். அம்மா கதிரையிலேயே நித்திரையாகிப் போனா, நல்லாய் இருக்கிறா என்று வாய் கூசாமல் சொன்னேன். அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு தாயும் மகனும் நெடுநேரம் கதைத்தார்கள். சாப்பிட்டியோ, பனி விட்டுதோ, ஏனடா குரல் அடைச்சுக் கிடக்குது. அந்த அம்மாவின் முகம் அப்படி விரிந்து கிடந்தது.

போனை வைத்த பிறகுதான் நான் நிற்பதைக் கண்டார். பக்கத்துக் கதிரையைக் காட்டி இரு என்றார். நான் மூலையைப் பார்த்தேன். கமராவின் சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. என்னால் இருக்க முடியவில்லை. என்னத்தைப் பார்க்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"உங்களோடையும் கதைப்பானோ?"

"கதிரையிலை இருந்தால் உடனே கதைப்பார் அம்மா. ஒரு நாளைக்கு எத்தினை தரம் எண்டில்லை."

அவர் கையிலிருந்த போனைத் தடவினார்.

"குடுத்து வைச்சனீங்கள்" என்றார்.

அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் ஸ்கூட்டியில் ஏறினேன். வழி நெடுக அது காதுக்குள் குடைந்தது. நாங்கள் எந்தக் குரலுக்குப் பயந்து கால் வீங்கி நிற்கிறோமோ, அதே குரலுக்காக ஒரு மனுசி செத்தவள்போல இருக்கிறாள். அவர் உறங்காமல் கிடந்து எங்களைப் பார்க்கிற நேரத்தில் கால்வாசியை அங்கே கொடுத்தால் போதும், இரண்டு பக்கமும் பிழைத்துக்கொள்ளும். அந்த அம்மாவை நான் காட்டிக் கொடுக்க மாட்டேன். ஆனால் சும்மாவும் இருக்க மாட்டேன். கொக்குவில் வரும்போது எனக்குப் பயம் விட்டுப் போயிருந்தது.

கடைக்குள் ஏறினதும் வாசலில் கிடந்த கதிரைகளில் ஒன்றைத் தூக்கினேன். கமராவுக்கு நேரே, நடுக்கடையில் போட்டேன். குருநகர்ப் பிள்ளையைத் தோளில் பிடித்து அதில் இருத்தினேன். வேண்டாம் அக்கா, வேலை போயிடும் என்று நடுங்கினாள். போனால் என்னுடையதும் சேர்ந்து போகட்டும் என்று சொல்லிவிட்டு நான் பக்கத்தில் நின்றேன். மற்றப் பிள்ளைகள் மடித்த சேலையைக் கையில் வைத்தபடி சுவரோடு ஒதுங்கிவிட்டார்கள்.

கிளிக்.

அவள் பயத்தில் மூச்சையும் பிடித்துக்கொண்டு விறைத்துப் போனாள். மடியில் கை, நேரே பார்வை. மானிப்பாயில் அந்த அம்மா இருந்ததுபோலவே இருந்தாள். ஏச்சு வரும், வரும் என்று என் காது சுடத் தொடங்கிவிட்டது. நான் வாயைத் திறக்கப் போனேன்.

"அந்தப் பிள்ளை ஏன் அசையுதில்லை?" என்று கேட்டார்.

காலையில் போனில் கேட்ட அதே நடுக்கம். சரியாகத்தான் கேட்டேனோ என்று எனக்குச் சந்தேகம். அவளுக்கு ஒன்றுமில்லை அண்ணை, உங்களுக்குப் பயத்திலை இருக்கிறாள் என்றேன்.

"இருக்கட்டும்" என்றது குரல். "கதிரையை எடுக்காதையும். எனக்குத் தெரியிற மாதிரி அதிலையே கிடக்கட்டும்."

அவளுடைய கண்ணில் இருந்து பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் பயம் அவளுக்கு. பிறகு மெல்ல ஒரு கையை மடியில் இருந்து எடுத்து, மேலே பார்த்து, உயிரோடுதான் இருக்கிறேன் என்று காட்டுகிற மாதிரி ஆட்டினாள்.