கஞ்சி நேர்ச்சை

இந்த வீட்டு அடுப்படியில் எனக்குப் பழக்கமான சாமான் உப்பு ஒன்றுதான். காலையில் என் மகன் சேவியர் மாட்டுக்கறியை வெண்ணெயில் வாட்டி, பக்கத்தில் முட்டையை உடைத்து ஊற்றி, தட்டை என் முன்னால் நகர்த்துவான். ராத்திரியும் அதேதான். நம் ஊரில் தொட்டுக்கொள்ள வைப்பது இங்கே சாப்பாடாகிவிட்டது, சாப்பாட்டைக் காணோம். அரிசி, கோதுமை, பருப்பு, காய், பழம் எதுவும் வாசற்படி ஏறாது. கார்னிவோர் என்று இதற்குப் பெயராம். அஞ்சாவதோடு நின்ற எனக்கு அந்தப் பெயர் வாயில் நிற்கவே வெகுநாள் ஆனது.

அவனைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரத்தநாட்டுப் பக்கம் எங்களுக்கு வயல் இருந்தது. மூன்று வேளையும் சோறுதான். அவன் அப்பாவுக்குச் சர்க்கரை வந்து, கால்விரல் புண் ஆறாமல், தஞ்சாவூரில் காலை எடுத்தார்கள். துணியில் சுற்றிக் கொடுத்த அந்தக் காலைக் கைநீட்டி வாங்கியவன் சேவியர். பிறகு அவரும் போய்விட்டார். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் கூட்டங்கூட்டமாகக் கிளம்பிய காலத்தில் இவனும் கனடாவில் இருக்கும் இந்தக் கால்கரிக்கு வந்தான். நாற்பது தாண்டியதும் இவனுக்கும் அதே சர்க்கரை. பயந்துபோய்ச் சோற்றை விட்டான். சர்க்கரை இறங்கியது. தனியாகக் கிடந்த என்னையும் அழைத்துக்கொண்டான். எனக்கும் சர்க்கரை உண்டு. வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆபீசிலிருந்து வந்ததும் என் விரலைக் குத்தி மெஷினில் பார்ப்பான், பிறகு தன் விரலை.

அவனுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. கைப்பிள்ளையில் அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்து கண் செருகியபோது, மாதா கோயில் படியில் அவனைக் கிடத்தி நேர்ந்துகொண்டேன். இவனைக் கொடுத்துவிடு தாயே, உயிருள்ள மட்டும் தவக்கால வெள்ளியெல்லாம் ஒரு வேளை உப்புக்கஞ்சியோடு நிற்கிறேன் என்றேன். பிள்ளை கண் திறந்தான். ஈஸ்டருக்கு முந்தின அந்த நாற்பது நாளில், ஊரில் இருந்தவரை ஒரு வருஷமும் நான் தவறவில்லை.

இங்கே வந்து முதல் தவக்காலத்தில் மெதுவாகக் கேட்டேன். "தம்பி, வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் கஞ்சி..."

"சாமி கஞ்சியா கேட்டுது? அப்பா காலை மறந்துட்டியாம்மா?"

வெள்ளிக்கிழமை வந்தால் வெந்நீரில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டுக் கிடந்தேன். கஞ்சியில் அரிசி இல்லை, அவ்வளவுதான். அவனுக்கோ சந்தோஷம். "பட்டினியும் நல்லதும்மா, சர்க்கரை நல்லா எறங்கும்" என்றான்.

கோயிலில் டோரத்தி என்ற வெள்ளைக்காரக் கிழவி என்னிடம் ஏதோ கேட்டாள். இங்கே தவக்காலத்துக்கு ஆளுக்கு ஒரு தீனியை விட்டுவிடுவார்களாம், நான் எதை விட்டிருக்கிறேன் என்று கேட்கிறாளாம். சேவியர் சிரித்துக்கொண்டே அம்மா சோற்றை விட்டுவிட்டாள் என்று சொல்லிவிட்டான். அவள் நெஞ்சில் கை வைத்தாள், என்னைக் கட்டிக்கொண்டாள்.

"என்னடா சொல்லுது?"

"எவ்ளோ பெரிய தியாகம்னு சொல்றாங்கம்மா. அவங்க சாக்லேட்தான் விட்டிருக்காங்களாம்."

"அப்படியில்லேன்னு சொல்லுடா."

"எதை இல்லேங்கிறது? விட்டது நெசந்தானே?"

கூச்சத்தில் நானும் தலையாட்டி வைத்தேன்.

ஈஸ்டர் அன்று டோரத்தி கதவைத் தட்டினாள். கையில் டப்பா நிறையச் சோறு. தவக்காலம் முடிந்தது, இனி வயிறாரச் சாப்பிடலாம் என்று சைகை காட்டினாள். அவள் போனதும் சேவியர், "பாவம், ஆசையா கொண்டாந்திருக்கு. கொட்டிடும்மா" என்றான். சோற்றைக் கொட்டிப் பழக்கமில்லை. ஃப்ரீசரில் கறிப் பொட்டலங்களுக்குப் பின்னால் ஒளித்தேன்.

அடுத்த வெள்ளி பகலெல்லாம் அடுப்படிக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். மூன்று மணிக்கு மேல் மனசு கேட்கவில்லை. அந்தச் சோற்றை வெந்நீரில் கரைத்து உப்புப் போட்டேன். நாள் தவறிய கஞ்சியை மாதா ஏற்பாளோ மாட்டாளோ. நின்றுகொண்டே குடித்தேன்.

சாயந்திரம் விரலைக் குத்தினான். மெஷினைப் பார்த்தான். மறுபடியும் குத்தினான்.

"என்னம்மா சாப்பிட்டே?"

உனக்காகத்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் சிரிப்பான், இல்லாவிட்டால் திட்டுவான் என்று நினைத்தேன். அவன் இரண்டும் செய்யவில்லை. என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்தான்.

"ஒன்னையும் துணியில சுத்தி வாங்கச் சொல்றியாம்மா?"

பிறகு தன் விரலைக் குத்திக்கொண்டான். அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. அவன் உயிரைப் பிடித்து வைத்திருப்பது அவன் விட்ட சோறா, நான் குடித்த கஞ்சியா? இந்த ஊரில் யாரிடம் கேட்பேன்? மேசை மேல், மெஷினிலிருந்து எடுத்த பட்டைகளில் எங்கள் இருவர் ரத்தமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது. ஒரே ரத்தம்தான். அவனுடையதில் சோறு இல்லை. என்னுடையதில் இன்னும் இருக்கிறது.