வீடு முழுவதும் ஒரே தரை

மருத்துவமனையின் துணிக்கிடங்கில் அவளை எல்லாரும் கிடங்கக்கா என்றே அழைத்தார்கள். சலவையிலிருந்து வரும் விரிப்புகளை மடித்து அடுக்குவதும், கிழிந்தவற்றை ஒதுக்குவதும், வார்டுகளுக்கு எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலை. கணவருக்கு இரண்டாவது கண்ணிலும் பார்வை போய்விட்டதென்று அதே மருத்துவமனையின் மாடியில் மருத்துவர் சொன்ன நாளில்கூட, அவள் கீழே இறங்கிவந்து, மீதியிருந்த தலையணை உறைகளை மடித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். அழவில்லை. அழுகை பிறகு வரும் என்று மற்றவர்கள் காத்திருந்தார்கள், அவளும் காத்திருந்தாள். வரவில்லை. நெடுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போவதுபோல உள்ளே ஏதோ ஒன்று மரத்துவிட்டது. காலாக இருந்தால் உதறிவிட்டு எழுந்து நடக்கலாம். இதை எதைக்கொண்டு உதறுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கணவர் கடைசல் பட்டறையில் இரும்பு கடைந்தவர். அளவில் அரை நூல் பிசகினாலும், அதாவது ஒரு தீக்குச்சியின் கனம் கூடினாலும் குறைந்தாலும், செய்த உருப்படியைத் தூக்கி எறிந்துவிட்டு மறுபடியும் தொடங்குவார். அதனால் பட்டறையில் அவருக்கு அரைநூல் என்று பெயர். பார்வை போனபின் பட்டறையும் போயிற்று. பெயர் மட்டும் அவரோடு வீட்டுக்கு வந்தது.

அவள் வேலைக்குப் போய்விட்டால் மாலைவரை வீட்டில் அவர் தனியாகத்தான் இருப்பார். அதைப்பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. நேரத்துக்குச் சமையலறைக்குப் போய், மூடிவைத்த சாப்பாட்டை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்ப்பார். பின்கட்டுக் குழாயடிக்குப் போவார், வருவார். கைத்தடி கிடையாது. சுவரைத் தடவுவதும் கிடையாது. கேட்டால், “எனக்கு வீடு மனப்பாடம்” என்பார். அவரிடம் மிஞ்சியிருந்த சொத்து அந்த நடை ஒன்றுதான். அதற்கு ஆபத்து வந்தபோதுதான் தரையைப் பற்றிய பேச்சே எழுந்தது.

அது ஒரே மூச்சில் கட்டிய வீடன்று. கையில் காசு சேர்ந்தபோதெல்லாம் ஓர் அறையாக வளர்ந்த வீடு. முன்னறையில் மெழுகிய சிவப்புச் சிமெண்டு; நடைவழியில் கொத்திவிட்ட கருங்கல் பலகை; படுக்கையறையில் சில்லுப் பதித்த மொசைக்; சமையலறையில் அப்போது மலிவாகக் கிடைத்த ஏதோ ஒரு வழவழப்பான கல். நிலைப்படிகளும் அறைக்கு அறை உயரம் மாறின. முன்னறைச் சிமெண்டு உப்பிப் பெயர்ந்து, ஒரு சில்லு தூக்கி நின்று, அவர் கால் விரலைத் தட்டிவிட்டது. முழங்கால் வீங்கி, நெற்றி பிளந்து, விழுந்த இடத்திலேயே மாலைவரை உட்கார்ந்திருந்தார். அவள் வந்து விளக்கைப் போட்டபோது, “ஒண்ணுமில்ல, தரை என்னைப் பாக்கல” என்றார்.

பக்கத்து வீதியில் வாழும் மகள் ஓடிவந்தாள். மொத்தத் தரையையும் மாற்றிவிட வேண்டும் என்று அவளே முடிவெடுத்தாள். தாய் சேமநிதியில் கடன் போட்டாள். போட்ட கையெழுத்து தன்னுடையதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டதோடு சரி.

டைல்ஸ் கடைக்கு மூவரும் போனார்கள். கடைக்காரர் அவர்களுடைய பட்ஜெட்டைக் கேட்டுவிட்டு, முன்பக்கத்துப் பளபளப்பையெல்லாம் தாண்டிப் பின்பக்கக் குடோனுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

“இதெல்லாம் மிச்ச லாட்டு. ரூமுக்கு ஒரு தினுசா எடுத்தீங்கன்னா பாதி விலைதான். ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம்தான் இருக்கு, அதனாலதான் அந்த விலை.”

மகள் முகத்தைச் சுளித்தாள். “ரூமுக்கு ஒண்ணா? வீடு என்ன ஒட்டுப்போட்ட போர்வையா?”

“என் வீடு அப்படித்தாம்மா இருக்கு. ராத்திரி தூக்கம் நல்லாத்தான் வருது.”

“உங்களுக்கு வரும். விக்காத சரக்கு தீர்ந்துருச்சுல்ல.”

கடைக்காரர் சிரித்துவிட்டு, வீடு முழுவதுக்கும் போதுமான அளவில் இருந்த ஒரு வகையைக் காட்டினார். மணல் நிறம், பளபளப்பில்லாதது, ஆனால் விலை கூடியது. அரைநூல் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறி நின்றார். குதிகாலை அழுத்தித் திருப்பினார். தண்ணீர் ஊற்றச் சொன்னார். கடைக்காரர் ஊற்றினார். மறுபடியும் திருப்பினார்.

“ஆனைக்கும் அடி சறுக்கும். நான் ஆனைகூட இல்ல” என்றபடி கீழே குனிந்து, டைல்ஸின் நான்கு ஓரங்களிலும் கட்டைவிரலை ஓட்டினார். “வளைவு இல்ல. நல்ல உருப்படி.”

“நிறத்தைக் கேக்காம டைல்ஸ் வாங்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன், ஐயா.”

“நிறத்துக்கு என் மக இருக்கா. காசுக்கு என் சம்சாரம் இருக்கா. வழுக்கறதுக்கு மட்டும்தான் நான்.” பிறகு மனைவி நின்றிருப்பாள் என்று தோன்றிய பக்கம் முகத்தைத் திருப்பி, “நீ என்ன சொல்ற?” என்று கேட்டார்.

அவள் மணல் நிறத்தைப் பார்த்தாள். பலமுறை துவைத்த விரிப்பைப்போல இருந்தது. நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று மனம் ஒரு பக்கமும் சாயவில்லை. மலிவாக அறைக்கு ஒரு வகை எடுப்பதும் ஒன்றுதான், விலை கொடுத்து ஒரே வகை எடுப்பதும் ஒன்றுதான் என்றிருந்தது. “உங்களுக்குச் சரின்னா சரி” என்றாள்.

கூரை ஒழுகலுக்கென்று ஒதுக்கிவைத்திருந்த தொகையும் அந்த ஒரே வகைக்குள் கரைந்தது. யானை வாங்கியாயிற்று, அங்குசத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மகள் சமாதானம் சொன்னாள்.

வேலை நடந்த நாள்களில் இருவரும் மகள் வீட்டில் தங்கினார்கள். ஆனால் அரைநூல் காலையிலேயே மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பட்டறை போனபிறகு அவர் மேற்பார்வை செய்த முதல் வேலை அதுதான். மேஸ்திரி பதித்து நகர நகர, இவர் பின்னாலேயே மண்டியிட்டு இணைப்புகளை விரலால் தடவிக்கொண்டு வந்தார்.

“மேஸ்திரி, இங்க ஒரு முனை தூக்குது.”

“மட்டப்பலகை வச்சுப் பாத்தேன், அண்ணே. சரியாத்தான் இருக்கு.”

“மட்டப்பலகைக்கு வயசாயிருச்சு. மறுபடி தட்டு.”

தட்டிப்பார்த்தால் தூக்கித்தான் இருக்கும். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு, “எனக்குக் கண்ணு இருந்து என்ன புண்ணியம்” என்பார்.

நிலைப்படிகளையெல்லாம் வெட்டி எடுத்துவிடச் சொன்னவரும் அரைநூல்தான். “எல்லா ரூமும் ஒரே மட்டம். முன்வாசல்ல ஒரு கோலிக்குண்டை உருட்டிவிட்டா, சமையலறைச் சுவத்துலதான் போய் நிக்கணும். நடுவுல எங்கயும் அது யோசிக்கக்கூடாது.”

மேஸ்திரி அப்படியே செய்துகொடுத்தார். வாழ்நாளில் அவர் பதித்த தரைகளில் இதுவே மிகவும் சுத்தமானது என்று அவரே சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பிய மாலையில் அரைநூல் வாசலிலிருந்து நிமிர்ந்து உள்ளே நடந்தார். “கண்ணாடி மாதிரி இருக்கா?” என்று மகளிடம் கேட்டார். “ஹோட்டல் மாதிரி இருக்குப்பா” என்றாள் மகள். கை கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனவர், படுக்கையறை அலமாரியின் முன்னால் நின்று அதன் கதவைத் தடவிக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “புதுசுல்ல, பழகிரும்.”

பழகவில்லை. மறுநாள் அவள் வேலையிலிருந்து வந்தபோது சமையலறையில் மூடிவைத்த சாப்பாடு மூடியபடியே இருந்தது. “பசிக்கல” என்றார். அதற்கடுத்த நாளும் பசிக்கவில்லை. பிறகு அவள் சாப்பாட்டை அவருடைய நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினாள். குடிக்கத் தண்ணீரையும் வைத்தாள். சில நாள் கழித்து, சிறுநீருக்கென்று ஒரு வாளியையும் வைக்க வேண்டியதாயிற்று. அதை அவள் கண்ணாடியைத் துடைப்பதுபோல, விளக்கை அணைப்பதுபோலச் செய்தாள்.

ஒருமுறை மட்டும் நடைவழியில் நின்றுகொண்டு, “இந்தாம்மா, நான் எங்க இருக்கேன்?” என்று கூப்பிட்டார்.

“நடைவழியில.”

“அப்படியா.” கை சுவரைத் தேடிப்பிடித்தது. “கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கு. எனக்குக் கட்டற வேலையும் மிச்சம்.”

மகளுக்கு விஷயம் தெரிந்தது. அவள் அழுதாள், அவளுக்கு அழுகை சுலபமாக வரும். “காசு குடுத்து நாமளே சூனியம் வச்சுக்கிட்ட மாதிரி ஆயிருச்சேம்மா. அப்பா எங்க வீட்டுக்கு வந்துறட்டும். ஹால்ல ஒரு கட்டில் போட்டுடறேன். வேளாவேளைக்கு நான் குடுத்துடறேன்.”

அரைநூல் மறுப்பார் என்று இருவரும் எதிர்பார்த்தார்கள். பட்டறை முதலாளியிடமே வாயாடியவர். “சரிம்மா” என்றார். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை போவதென்று முடிவாயிற்று. அந்தச் “சரி” தன்னுடைய குரலைப்போலவே இருக்கிறது என்று தாய்க்குத் தோன்றியது. தோன்றியதே ஒழிய வலிக்கவில்லை.

சனிக்கிழமை அவளுக்கு விடுப்பு. அவருடைய துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் குழாயடிக்குப் போகவேண்டும் என்றார். கையைப் பிடித்துப் பின்வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். பின்கட்டில் யாரும் எதையும் மாற்றவில்லை. காசு அங்கே எட்டவில்லை. கையை விடுவித்துக்கொண்டு அவர் இறங்கினார். செங்கல் பாவிய இடத்தில் நடந்து, மண் தொடங்கும் இடத்தில் திரும்பி, துவைக்கும் கல்லை இடிக்காமல் சுற்றிக்கொண்டு, நேரே குழாயின் தலையில் கைவைத்தார். முகத்தைக் கழுவினார். கொடியில் கிடந்த துண்டை எட்டி எடுத்துத் துடைத்துக்கொண்டு அதே வழியில் திரும்பி வந்தார். பட்டறைக் காலத்து நடை.

உள்ளே ஓர் அடி வைத்தார், நின்றுவிட்டார். கால் விரல்கள் விரிந்தன. பாதம் இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை தரையைத் தேய்த்தது. கை தானாக எழுந்து காற்றில் துழாவியது.

கையிலிருந்த சட்டையோடு அவள் அந்தப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டை மனப்பாடம் செய்தது தலை என்று அவரும் நினைத்தார், இவளும் நினைத்தாள். செய்தது பாதம். சிவப்புச் சிமெண்டு முன்னறை, கொத்திய கல் நடைவழி, குளிர்ந்த மொசைக் படுக்கையறை, ஏறி இறங்கினால் சமையலறை. அத்தனையையும் அரை நூல்கூட மிச்சம் வைக்காமல் அவரே விரலால் தடவித் தடவி அழிக்கவைத்திருந்தார்.

அவள் மேஸ்திரிக்குப் போன் செய்தாள். மேஸ்திரி ஏதோ பழுது என்று நினைத்து உளியோடும் சுத்தியலோடும் வந்து சேர்ந்தார்.

“நடைவழியில போட்டதையெல்லாம் பேத்துடு, தம்பி.”

“அக்கா, எதுக்கு? நல்லா இறுகிருச்சு. பேத்தா ஒண்ணும் முழுசா வராது. உடைஞ்சுரும்.”

“உடையட்டும்.”

“வேற என்ன போடப்போறீங்க?”

“ஒண்ணும் போடப்போறதில்ல. அடிச்சிமெண்டு அப்படியே கிடக்கட்டும். பூசிடாத, வழிச்சிடாத.”

முன்னறையிலிருந்து அரைநூல் குரல் கொடுத்தார். “யாரு, மேஸ்திரியா? என்ன பேக்கறது? அங்க அரை நூல் பிசகு கிடையாது. நானே பாத்தேன்.”

“அதான் கோளாறு” என்றாள் அவள். “பிசகே இல்லாம நீங்க எங்க போய் நிக்கறீங்கன்னு உங்களுக்கே தெரியல.”

அவர் நாற்காலியிலிருந்து குனிந்து, காலடியிலிருந்த இணைப்பை விரலால் தடவினார். சற்றுக் கழித்து, “நல்ல வேலைப்பா அது” என்றார், யாரிடம் என்றில்லாமல். முதல் டைல்ஸ் உடைந்த சத்தத்துக்குத் தோள் ஒருமுறை குலுங்கியது. அதன்பிறகு ஒவ்வோர் அடிக்கும் குலுங்கியது. அவள் போய் அவர் பக்கத்தில் நிற்கவில்லை. உடைந்த துண்டுகளைச் சாக்கில் அள்ளிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மேஸ்திரி கூலி வாங்க மறுத்தார். “போட்டதுக்கு வாங்கினேன். உடைச்சதுக்கும் வாங்கினா எனக்கே என்னமோ மாதிரி இருக்கு.”

சாக்குகளை வெளியேற்றியபின் நடைவழி, தோலுரித்த முதுகைப்போலக் கிடந்தது. டைல்ஸ் ஒட்டும்போது கரணைச் சீப்பு இழுத்த வரிகள் சிமெண்டில் அப்படியே இறுகியிருந்தன. அவர் எழுந்தார். முன்னறை விளிம்பிலிருந்து பாதம் கீழே இறங்கியது. நடைவழியின் சொரசொரப்பில் பதிந்தது. அங்கேயே நெடுநேரம் நின்றார். பிறகு நடந்தார். வலப்பக்கம் பாதம் மேலே ஏறி டைல்ஸைத் தொட்டதும், “இது படுக்கையறை” என்றார். திரும்ப இறங்கினார். “இது தெரு.” இன்னும் போனார். சமையலறை நிலையில் தோளை இடித்துக்கொண்டார். யாரையும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். “பாக்கறவங்க என்னம்மா சொல்வாங்க? நடுவீட்டுல ரோடு வெட்டின மாதிரி இருக்கு.” தாய் அடுக்கிய பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள். மகிழ்ச்சி என்று ஒன்று வரவேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

திங்கட்கிழமை மாலை அவள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தாள். நாற்காலியில் யாரும் இல்லை. முக்காலியில் வைத்துவிட்டுப் போன தண்ணீர் அப்படியே இருந்தது. நடைவழியின் சிமெண்டில் ஈரத் தடங்கள் போயும் வந்தும் குழம்பிக் கிடந்தன. செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது, மகள்.

“அப்பா எங்கம்மா?”

அவள் காது கொடுத்துக் கேட்டாள். எங்கோ ஒரு பாத்திரம் நகர்ந்தது. அது சமையலறையா, பின்கட்டா என்று தெரியவில்லை.

“தெரியல” என்றாள். “உள்ளதான் எங்கயோ போயிட்டு வந்துட்டு இருக்காரு.”