கிருஷ்ணன் வராத எட்டு நிமிடம்

ஜெராக்ஸ் மெஷினுக்கு டோனர் மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்தாள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் கடை. கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறேன். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாளாம், பாரம்பரியக் கலை விழாவாம், நிகழ்ச்சி நிரல் அடிக்க வேண்டுமாம். கையால் எழுதிய தாளை நீட்டினாள். குத்துவிளக்கு ஏற்றுதல், ஐந்து நிமிடம். பரதநாட்டியம், பத்து நிமிடம். தெருக்கூத்து, திரௌபதி துகிலுரிதல், எட்டு நிமிடம். அடியில், ஒருங்கிணைப்பாளர் பேராசிரியர் தனசேகர்.

எட்டு நிமிடம் என்பதை இன்னொரு தடவை படித்தேன். பெயரைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "உக்காரும்மா, அரை மணி நேரம் ஆவும்" என்றேன். உண்மையில் பத்து நிமிட வேலைதான்.

சொன்னால் சிரிப்பீர்கள், நான் ஒரு காலத்தில் திரௌபதியாக நின்றவன். இந்தத் தொப்பையை வைத்து முடிவு கட்டாதீர்கள். அப்போது கம்பு மாதிரி இருப்பேன். மீசை ஒழுங்காக முளைக்காததால் கல்லூரியில் வகுப்பே ஒருமனதாக என்னைப் பாஞ்சாலியாகத் தேர்ந்தெடுத்தது. கிருஷ்ணன் வேஷம் தனசேகருக்கு. மூன்று வருடம் ஒரே பெஞ்சு, ஒரே சாப்பாட்டு டப்பா. துச்சாதனன், கரியாலூரிலிருந்து மலை இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த சடையன். ஆள் வாட்டசாட்டமாக இருப்பான், ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

பல்கலைக்கழக இளைஞர் விழாவுக்குக் கிராமியக் கலை ஒன்று வேண்டும் என்று கலை நிகழ்ச்சிப் பொறுப்பாசிரியர் கேட்டார். கால அளவு எட்டு நிமிடம். பாரதத்தில் எட்டு நிமிடத்துக்குள் அடங்குகிற கட்டம் எது என்று யோசிக்கிற புத்தி எங்களுக்கு இல்லை. எங்களுக்குப் பிடித்த கட்டத்தை எடுத்துக்கொண்டோம்.

எங்கள் களமருதூர்ப் பக்கம் துகிலுரிதலை யாரும் நாடகமாகப் பார்ப்பதில்லை. திரௌபதி வேஷம் கட்டுகிறவர் விரதம் இருப்பார். துச்சாதன வேஷக்காரர் சேலையைத் தொடும் முன் கற்பூரம் ஏற்றி, தாயே மன்னித்துக்கொள் என்று கும்பிடுவார். கிருஷ்ணன் வந்து சேலை கொடுக்கிற வரைக்கும் கூட்டத்தில் ஒருவர் எழுந்திருக்க மாட்டார்கள். அழுகிற குழந்தையைக்கூட வாயைப் பொத்தி மடியில் வைத்துக்கொள்வார்கள். அந்த இடத்தில் மட்டும் பாதியில் நிறுத்தக் கூடாது.

சேலைக்கு ஒரு ஏற்பாடு உண்டு. திரௌபதி கட்டியிருக்கும் சேலையின் மேல் இன்னொன்றைச் சுற்றிச் செருகியிருப்பார்கள். துச்சாதனன் இழுப்பது அதைத்தான். அது தீரும்போது கிருஷ்ணன் வந்து பின்னால் நின்று, தன் பையிலிருந்து ஒன்றோடொன்று முடிந்த சேலைகளை விட்டுக்கொண்டே இருப்பான். அதற்காக அம்மா எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினோரு சேலை வாங்கி வந்தாள். எல்லாம் பெட்டியின் அடியில் கிடந்த நல்ல சேலைகள், பாச்சை உருண்டை வாசனையோடு. இன்றைக்கும் அந்த வாசனை எனக்கு ஆகாது. என் மனைவி பீரோவில் வேப்பிலைதான் போடுகிறாள், காரணம் கேட்டதில்லை.

ஒத்திகையில் எப்படி விரட்டினாலும் பதினோரு நிமிடம் வந்தது. பொறுப்பாசிரியர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்லப்பா, ஜட்ஜுங்க கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். நாங்கள் நம்பினோம்.

விழா நாளில் நான் பட்டினி. கேன்டீனில் எதிரே உட்கார்ந்து தனசேகர் இரண்டு தோசை சாப்பிட்டான். "மயக்கம் வந்துடப் போவுதுடா, டீயாவது குடி" என்று அவனே வாங்கிக் கொடுத்தான். அந்த டீயின் சூடு ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இன்னும் ஆறவில்லை.

குத்துவிளக்கு ஏற்றும்போது மின்விசிறிக் காற்றில் மூன்று தடவை மெழுகுவத்தி அணைந்தது. கடைசியில் விசிறியை நிறுத்திவிட்டு, சிறப்பு விருந்தினரை வேர்க்க வேர்க்க ஏற்ற வைத்தார்கள். ஆனால் சடையன் கற்பூரம் ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், மேடையில் கம்பளம் விரித்திருக்கிறதாம். அவன் ஏற்றாத கற்பூரத்தையே கண்ணில் ஒற்றிக்கொண்டு மேடை ஏறினான்.

நடுவர் மேசையில் ஒரு மணி. ஆறாவது நிமிடம் எச்சரிக்கையாக ஒரு தடவை அடித்தார்கள். சடையன் சேலையைப் பற்றினான், நான் சுற்றினேன், கோவிந்தா என்று கூப்பிட்டேன். செருகியிருந்த சேலை தீரப்போகிறது. பக்கவாட்டில் பார்த்தேன். நீல முகம், மயிற்பீலி, தனசேகர் நின்றிருந்தான். கையில் பை இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். அவன் என்னைப் பார்த்தான், அப்புறம் தரையைப் பார்த்தான். அவன் தோளில் பொறுப்பாசிரியரின் கை இருந்தது. எட்டாவது நிமிட மணி அடித்தது.

மேல்சேலை முழுதும் சடையன் கைக்குப் போய்விட்டது. இழுத்த வேகத்தில் உள்சேலையின் கொசுவமும் அவிழ்ந்து, கீழே போட்டிருந்த காக்கி அரைக்கால் சட்டை தெரிந்தது. அரங்கமே விசிலடித்தது. நானும் ஒரு பார்வையாளனாக இருந்திருந்தால் சிரித்திருப்பேன். எனக்கு அழுகை வந்தது, திரௌபதிக்கு வர வேண்டிய அழுகையா எனக்கு வர வேண்டியதா என்று தெரியவில்லை.

அப்போது சடையன் ஒரு காரியம் செய்தான். இழுத்த சேலையைத் திரும்ப என் மேல் சுற்றினான். அவசரப்படாமல், இடுப்பில் ஒரு சுற்று, தோளில் ஒரு சுற்று. பிறகு என் காலில் விழுந்து, "மன்னிச்சிடு தாயே" என்றான். அது வசனத்தில் இல்லை. விசில் இன்னும் அதிகமானது. விளக்கை அணைத்தார்கள்.

கால் மணி நேரம் கழித்து எங்கள் கல்லூரியின் குழு நடனம். கிருஷ்ணலீலை. எட்டு கோபிகைகள் நடுவில் புல்லாங்குழலோடு தனசேகர், அதே நீலம், அதே பீலி. அவனுக்குப் பின்னால் திரைச்சீலையாகத் தொங்கியவை எங்கள் தெருவின் பதினோரு சேலைகள். நான் சுவரோரமாக நின்று பார்த்தேன். நடனத்துக்கு முதல் பரிசு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவனிடம் கேட்டேன்.

"இன்னாடா இப்படிப் பண்ணிட்ட?"

"நேரம் ஜாஸ்தி ஆனா காலேஜையே போட்டிலேர்ந்து தூக்கிடுவாங்கன்னு சாரு சொன்னாரு. டான்ஸும் போயிடும். நான் இன்னா பண்றது?"

"எப்ப சொன்னாரு?"

"காலைல."

"அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவன் ஜன்னலைப் பார்த்தபடி, "சொன்னா நீ மேடை ஏறியிருக்க மாட்ட" என்றான். "ஒரு ஐட்டம் கம்மியானா கப்பு கிடைக்காது."

அவன் சொன்னது சரிதான், ஏறியிருக்க மாட்டேன். அதனால்தான் தோசை சாப்பிட்டுக்கொண்டே எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறான். அன்றோடு பெஞ்சு மாறி உட்கார்ந்தேன், அவனிடம் பேச்சை நிறுத்தினேன். அம்மா சேலைகளை விரித்துப் பார்த்தபோது ஓரமெல்லாம் ஆணி ஓட்டை. "கிருஷ்ணன் நல்லா பண்ணானா?" என்று கேட்டாள். நல்லா பண்ணினான் என்றேன்.

சடையன் இப்போது கரியாலூரில் சாமை விதைக்கிறான். ஏதாவது சான்றிதழ் நகல் எடுக்க வருவான், டீ குடிப்போம், அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஊரில் கூத்து வருடம் தவறாமல் நடக்கிறது, நானும் போகிறேன். துகிலுரிதல் வந்துவிட்டால் மட்டும் கிருஷ்ணன் வருகிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

அடித்து முடித்து, பிழை பார்க்கச் சொல்லி அந்தப் பெண்ணிடம் தாளைக் கொடுத்தேன். கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"கூத்துல கிருஷ்ணர் யாரும்மா?"

"கிருஷ்ணர் கெடையாதுண்ணா. அவரு வரதுக்கு டைம் பத்தலன்னு தனசேகர் சாரு அந்த வேஷத்தையே எடுத்துட்டாரு. பின்னாடி ஸ்கிரீன்ல வீடியோவா சேலை மட்டும் ஓடிக்கினே இருக்கும்."

"திரௌபதி?"

"நான்தாண்ணா" என்றாள் சந்தோஷமாக. "இன்னையிலேர்ந்து விரதம்."

பிரதிகளை எண்ணாமல் கவரில் போட்டேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. "கூப்புடும்போது சைடுல பாக்காதம்மா. நேரா ஜனங்களப் பாரு" என்று மட்டும் சொன்னேன். "ஏண்ணா?" என்றாள். சும்மாதான் என்றேன்.

அவள் போன பிறகு வெகுநேரம் மெஷினைத் தொடவில்லை. எங்கள் காலத்தில் வராமல் நிற்பதற்காவது ஒரு கிருஷ்ணன் இருந்தான். இப்போது அவனும் இல்லை.