நோர்வே றாக்கைக்குப் பொறுப்பு நான்தான்

கடையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: வாங்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது சாமானை அல்ல, விற்கிறவரின் முகத்தைத்தான். ஜேர்மனியில், டுசல்டோர்ஃப் நகரில் ஒரு பெரிய இசைக்கடையின் இரண்டாம் மாடியில், மேற்கத்தியச் செவ்வியல் இசை சீடிகளைப் பதினெட்டு வருடமாக விற்கிறேன். சொந்த இடம் யாழ்ப்பாணம். வேறு எல்லோரும் வேண்டாம் என்றதால் அங்கே ஒரு றாக்கையை, அதாவது ஒரு சீடி அடுக்கை, என் தலையில் கட்டியிருந்தார்கள். நோர்வேயில் இருநூறு வருடத்துக்கு மேலாக வாசித்துக்கொண்டிருக்கிற ஒரு சிம்பொனி ஓர்கெஸ்ட்ராவின் ஒலிப்பதிவுகள், மேலிருந்து கீழ்வரை.

இந்த வருடம் வந்த புது முகாமையாளர் அதை எடுத்துவிட்டு ஹெட்போன் வைக்கப்போவதாகச் சொன்னார். றாக்கை போனால் நானும் கீழே காசு வாங்குகிற இடத்துக்குப் போக வேண்டும் என்றார். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்கிறவர்கள் மேற்கொண்டு வாசிக்கலாம்.

பிடித்த அவுஃப்நாமே

கடையின் பழைய முதலாளி நேர்முகத்தில் கேட்ட முதல் கேள்வி, உங்களுக்குப் பிடித்த அவுஃப்நாமே எது என்பது. டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில், அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒலிப்பதிவு என்றும் வரும், ஆட்களை உள்ளே எடுப்பது என்றும் வரும். எனக்கு அப்போது தெரிந்தது இரண்டாவது மட்டும். அகதியாக வந்து இறங்கியவர்களை முதலில் வைத்திருக்கிற முகாமை நாங்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். இந்த மனுசனுக்கு ஏன் இந்த விடுப்பு, என் முகாம் கதை எதற்கு என்று நினைத்தாலும், இருந்த மூன்று முகாம்களையும் யோசித்துப் பார்த்து உண்மையைச் சொன்னேன். பிடித்தது என்று ஒன்றும் இல்லை, இரண்டாவது பரவாயில்லை. மண்டபம் பெரிது, எதிரொலி கூடுதல், பின்னுக்கு யாராவது இருமிக்கொண்டே இருப்பார்கள், விடியப்புறம் மட்டும் நல்ல அமைதி.

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வேலைக்குச் சேர்ந்த பிறகு, சீடி உறைகளில் அந்தச் சொல்லைப் பார்த்தபோதுதான் நான் செய்த கூத்து எனக்கே விளங்கியது. அன்றைக்கு அவர் சொன்னது: "அப்படியென்றால் அது கச்சேரியில் நேரடியாகப் பதிந்ததாக இருக்கும். இருமலைக் கவனிக்கிற காது எங்களுக்கு வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள்."

பொறுப்பானவர் எங்கே

தொப்பி போட்ட ஒரு ஜேர்மன் பெரியவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, இந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் இல்லையா என்று கேட்டார். நான்தான் என்றேன். சிரித்தார். பிறகு என்னைச் சோதிக்கத் தொடங்கினார். அந்த ஓர்கெஸ்ட்ரா ஒரே பியானோ கொன்செர்ட்டோவை இரண்டு தரம் பதிந்திருக்கிறது, எதை வாங்கலாம்? பழையதில் பியானோ முன்னுக்கு நிற்கும், ஓர்கெஸ்ட்ரா சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும், புதியதில் இரண்டு பேரும் ஒரே மேசையில் இருந்து கதைப்பார்கள் என்றேன். எங்கே படித்தீர்கள் என்றார். இங்கேதான், நின்றுகொண்டே.

அவருக்கு இன்னும் ஆறவில்லை. இந்த இசை விளங்குவதற்கு வடக்கின் குளிர் உடம்பில் ஏறியிருக்க வேண்டுமாம். ஐயா, தை மாதத்தில் காலை ஆறரைக்கு டிராமுக்கு நின்றிருக்கிறீர்களா, நான் பதினெட்டு வருடமாக நிற்கிறேன் என்றேன். இரண்டு சீடியையும் வாங்கினார். படியில் இறங்கும்போது திரும்பிப் பார்த்து அவர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்: "நல்ல உதவி செய்தீர்கள். அந்தப் பொறுப்பானவர் வந்தால் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்."

நோர்வேக்காரர்

மழைக்கு ஒதுங்கிய எங்கள் ஆள் ஒருவர் மாடிக்கு வந்தார். மகள் கீழே ஏதோ வயர் வாங்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, பிள்ளை எந்த ஊர் என்று விசாரித்தார். ஊர் கதைத்து முடித்து, ஒரு சீடியை எடுத்துக் கையில் கொடுத்தேன். நோர்வே என்று சொன்னதும் கையை இழுத்துக்கொண்டார். இலங்கைப் போரில் சமாதானப் பேச்சுக்கு நடுவராக வந்தவர்கள் என்றுதான் எங்கள் சனத்துக்கு நோர்வேக்காரரைத் தெரியும். அவர்கள் நிப்பாட்டி நிப்பாட்டித் துவங்குவார்கள், முடிவுதான் வராது என்பது இவருடைய கட்சி.

இது முடியும் ஐயா, இருந்து கேளுங்கோ என்று கதிரையில் இருத்திக் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டேன். மகள் இரண்டு தரம் வந்து கூப்பிட்டுப் பார்த்தாள். மனுசன் கையைக் காட்டிவிட்டு அசையாமல் இருந்தார். ஐம்பது நிமிடம். கடைசியில் ஹெட்போனைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டுச் சொன்னார்: "நோர்வேக்காரர் துவங்கி முடிச்ச ஒரு அலுவலை இண்டைக்குத்தான் பாக்கிறன், பிள்ளை."

மூன்றாம் நிமிடம்

ஒரு பெண்மணி சீடியைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூன்றாம் நிமிடத்தில் ஒரு சத்தமாம், பழுதாம். போட்டுக் கேட்டேன். வயலின்கள் மெல்லிசாகப் போகிற இடத்தில், உண்மைதான், கிரீச் என்று ஒன்று. பழுது இல்லை, யாரோ தாளைப் புரட்டுகிறார்கள், அங்கே ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி என்று வாதாடினேன். அவர் அசைகிற மாதிரி இல்லை. எனக்கும் ரோசம் வந்து, அந்த ஓர்கெஸ்ட்ராவின் அலுவலகத்துக்கே எழுதிக் கேட்டேன். மூன்று கிழமை கழித்துப் பதில் வந்தது: "அது தாள் அல்ல, வயோலா வரிசையில் ஒரு நாற்காலி. எத்தனையோ பேர் மாற்றச் சொன்னார்கள், அது இன்னும் அங்கேயே இருக்கிறது." அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகு பெண்மணி சீடியைத் தன்னோடு வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார்.

மேசை

புது முகாமையாளர் அளவு நாடாவோடு வந்தார். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். இப்போது எல்லோரும் போனில் கேட்கிறார்கள், இந்த றாக்கையைப் பார்க்க யார் வருகிறார்கள் என்றார். அதற்குக்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன். கீழே போனால் உங்களுக்கும் சுலபம், அங்கே அதிகம் டொச் பேச வேண்டியதில்லை என்றார் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

விசா கிடைக்கும்வரை இந்த நாடு அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தையும் அகராதி வைத்து, வரி வரியாக வாசித்தவள் நான். ஒரு வரி தவறினால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப்பட்டவள் வேலை ஒப்பந்தத்தை வாசிக்காமல் விடுவேனா? வீட்டிலிருந்து கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். 'செவ்வியல் பகுதி, இரண்டாம் மாடி, ஆலோசனை மேசை' என்று பழைய முதலாளி தெளிவாக எழுதியிருந்தார். என்னை இடம் மாற்றுவதென்றால், கடையில் வேலை செய்கிறவர்கள் தெரிவு செய்த ஊழியர் பேரவையைக் கேட்க வேண்டும், பேரவை சம்மதிக்கவில்லை. றாக்கை கடையின் சொத்து, அதைத் தடுக்க என்னால் ஏலாது. மறுநாள் இரண்டு பேர் வந்து அதைக் கழற்றிக்கொண்டு போனார்கள்.

சீடிகளை நான் பெட்டியில் போடவிடவில்லை. அத்தனையையும் என் மேசையில் அடுக்கினேன். நான் கதிரையில் இருந்தால் நெற்றிமட்டும்தான் தெரியும். நோர்வே வேண்டும் என்கிறவர்கள் இனி என்னோடு டொச்சில் கதைத்துத்தான் வாங்க வேண்டும். முகாமையாளர் வந்து பார்த்துவிட்டு, இது றாக்கை இல்லையா என்று, பேரவையில் இருக்கிற களஞ்சியக்காரர் ஹோல்கரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஹோல்கர் ஒப்பந்தத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, இரண்டு பக்கமும் வாசித்தார். பிறகு சொன்னார்: "மேசை என்றுதான் எழுதியிருக்கிறது. எவ்வளவு உயரம் என்று எழுதவில்லை."

சிம்பொனி பற்றி உங்களுக்கு என்னைவிடக் கூடத் தெரிந்திருக்கலாம், ஆனால் எழும்பு என்கிறவர்கள் முன்னால் எழும்பாமல் இருப்பது எப்படி என்று கேட்டால், ஆலோசனை என் மேசையில் இலவசம்.