செதிள் இல்லாத மீன்

என் அக்கா திருவொற்றியூர் மார்க்கெட்டில் இருபது வருஷம் நண்டும் இறாலும் விற்றவள். காசிமேட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வந்து, வெயில் ஏறுவதற்குள் கூடையைக் காலி செய்துவிடுவாள். உயிர் நண்டை அவள் பிடித்துக் கொடுக்கை ஒடிக்கிற வேகத்தைப் பார்க்கவே சிலர் நின்றுவிட்டுப் போவார்கள். நாங்கள் மீன்பிடிக்கிற கத்தோலிக்கக் குடும்பம். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது. சாப்பாட்டைப் பற்றிக் கடவுள் எங்களிடம் கேட்டது அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம்.

அக்காவின் கணவர், என் மாமா, மணலியில் ஒப்பந்த வெல்டர். குடிக்காத நாட்களில் தங்கமான மனிதர். அப்படிப்பட்ட நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. கூட வேலை செய்தவர் ஒருவர் அவரை மணலி புதுநகரில் இருந்த ஒரு சின்ன ஜெபவீட்டுக்கு அழைத்துப் போனார். மூன்று மாதத்தில் குடி நின்றது. டாக்டரும் மாத்திரையும் செய்யாததை அந்த ஜெபவீடு செய்தது. இதை நான் மறைக்க முடியாது.

அங்கே சனிக்கிழமைதான் ஓய்வுநாள். பைபிளில் கடவுள் மோசேக்குக் கொடுத்த உணவுச் சட்டம் இன்றைக்கும் செல்லும் என்பது அவர்கள் போதனை. பன்றி ஆகாது. தண்ணீரில் வாழ்வதில் துடுப்புச் சிறகும் செதிளும் இல்லாத எதுவும் ஆகாது. நண்டு, இறால், சுறா எல்லாமே அசுத்தம், அருவருப்பு. மாமா வீட்டில் இதைச் சொன்ன அன்று நானும் இருந்தேன்.

"விக்கறது கூடவா தப்பு, மாமா?" என்று கேட்டேன்.

"நாம துன்னக்கூடாதத அடுத்தவன் வாயில எப்டி வைக்கிறது, மச்சான்?" என்றார். குரலில் கோபமே இல்லை.

நான் அக்காவைப் பார்த்தேன். "வுடு நைனா," என்றாள் அவள். "இத்தினி வருசம் ரோட்ல வுயுந்து கெடந்த மனுசன். இப்போ வூட்ல உக்காந்து சோறு துன்றாரு. நண்டுக்காவ இத்த வுட்ருவனா?"

அக்கா செதிள் உள்ள சங்கரா மீன் விற்றுப் பார்த்தாள். மார்க்கெட்டில் மீனுக்கென்று ஏற்கெனவே இடம் பிடித்தவர்கள் இருந்தார்கள். அவளைத் தேடி வருகிறவர்கள் நண்டுக்காகத்தான் வந்தார்கள். ஆறு மாதத்தில் கூடையைப் பரண்மேல் போட்டுவிட்டு, ஒரு ஹாஸ்டலில் பாத்திரம் தேய்க்கப் போனாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் பங்கு ஃபாதரை மாமாவிடம் அழைத்துப் போனேன். வாய்க்குள்ளே போவது மனிதனைத் தீட்டாக்காது என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே என்றார் ஃபாதர். அது கை கழுவாமல் சாப்பிட்டதைப் பற்றிய பேச்சு என்றார் மாமா. எல்லா விலங்குகளையும் காட்டி, சுத்தமில்லை என்று சொல்லாதே என்று பேதுருவுக்கு வானத்திலிருந்து குரல் கேட்டதே என்றார் ஃபாதர். அது யூதரல்லாத வேற்று ஜனங்களைச் சேர்த்துக்கொள்வதற்கான தரிசனம், சாப்பாட்டுக்கானது இல்லை என்றார் மாமா. ஒருவர் பக்கத்தைப் புரட்ட, அடுத்தவர் வேறு பக்கத்தைப் புரட்டினார். அக்கா டீ கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். ஃபாதர் போன பிறகு, "ரெண்டு பேரும் ஒரே புக்கப் பாத்துதான் சொல்றாங்க. நா இன்னாத்த கண்டேன்," என்றாள்.

அடுத்த வருஷம் அவள் மகள் பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை. மூன்று நாளாகியும் தாய்ப்பால் சரியாக இறங்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குப் பால்சுறாப் புட்டுதான் கொடுப்பார்கள். அக்காவும் அதைச் சாப்பிட்டுத்தான் இந்த மகளுக்குப் பால் கொடுத்தாள். அக்கா என் வீட்டுக்கு வந்தாள்.

"சுறா கெடைக்குமா பாரு. உன் மாமாவாண்ட சொல்லாத."

நானே காசிமேட்டுக்குப் போய் வாங்கி வந்தேன். என் வீட்டு அடுப்பில் அக்கா சுறாவை வேகவைத்து, தோலை உரித்து உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டு வதக்கினாள். மூன்று நாள் அதை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனாள். பால் வந்தது. அந்த மூன்று நாளும் அக்கா பழையபடி சத்தமாகச் சிரித்துப் பேசினாள்.

பதினோராம் நாள் குழந்தை இறந்துபோனது. பிறக்கும்போதே இதயத்தில் கோளாறு இருந்திருக்கிறது, யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் எங்களை உட்காரவைத்துப் படம் போட்டு விளக்கினார். அக்கா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மாமாவின் முன்னால் உட்கார்ந்து, சுறா கொடுத்ததைச் சொன்னாள்.

"நான்தான் கொன்னுட்டேன்," என்றாள்.

மாமா என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் பயந்தேன். அவர் தரையில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "அதெல்லாம் இல்லமே. டாக்டரு சொன்னாரில்ல? சாமி கொயந்தையப் போய் தண்டிப்பாரா?" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவளுக்கு அது காதில் ஏறவில்லை. "நீங்கதான சொன்னீங்கோ, அருவருப்புன்னு," என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு மாதம் கழித்து மாமா ஒரு காரியம் செய்தார். நான்கு நண்டு வாங்கி வந்து அவரே குழம்பு வைத்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார். அக்கா பார்க்கும்படி உட்கார்ந்து, ஓட்டை உடைத்துச் சாப்பிட்டார். "பாரு, எனக்கு இன்னா ஆச்சி? ஒண்ணும் ஆவலியே," என்றார்.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். "வாணாங்க. உங்களுக்கும் ஏதாவது ஆயிடப்போவுது," என்று அழுதுகொண்டே வெளியே போய்விட்டாள். மாமா கையைக் கழுவாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் சாப்பிடவில்லை.

அதன்பின் அவர் ஜெபவீட்டுக்குப் போகவில்லை. குடிக்கவும் இல்லை. வேலைக்குப் போகிறார், வருகிறார். அக்காதான் சனிக்கிழமை தவறாமல் தனியாக பஸ் பிடித்துப் போகிறாள். என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சுறா சமைத்த அடுப்பு இங்கேதானே இருக்கிறது. வாங்கி வந்தவன் நான் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மகள் மறுபடி உண்டாகியிருக்கிறாள். இது ஏழாம் மாதம். அம்மா வரவேண்டும் என்று என்னிடம் போனில் அழுகிறாள். போன வாரம் அக்காவிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தேன்.

"நா போவ மாட்டேன், நைனா," என்றாள். "என் கை அவ மேல படவே வாணாம்."

மாமா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். மகளைப் பார்க்க அவர் மட்டும் கிளம்பினார்.