இறால் மேல் விழுந்த பழி

போன மாதம் ஒரு முகூர்த்த ஞாயிறு. மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஃபேனுக்கு நேர் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தேன். போன் அடித்தது. கவிதா... என் நண்பன் பாஸ்கரின் மனைவி.

"அண்ணே, இவருக்கு ஒடம்பெல்லாம் தடிச்சிப் போச்சி. மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டேன். கொஞ்சம் வாங்களேன்."

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாஸ்கரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. உதடு இட்லி மாதிரி உப்பியிருந்தது. கண் இரண்டும் வெறும் கோடு. ஊசி போட்டு, மாஸ்க் வைத்து, ஒருவழியாக மூச்சு சீரான பிறகுதான் எங்களுக்கும் மூச்சு வந்தது.

டியூட்டி டாக்டர் கேட்டார்: "என்ன சாப்ட்டீங்க?"

"எறா, டாக்டர்."

பட்டென்று சொன்னான். யோசிக்கவே இல்லை. கவிதா நிமிர்ந்து பார்த்தார்.

"ஏங்க, திருவந்திபுரம் கல்யாணத்துலயா எறா போட்டாங்க?"

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். கடலூர் பக்கத்தில் இருக்கிற திருவந்திபுரம் பெருமாள் கோயிலில், முகூர்த்த நாள் என்றால் வரிசையாகக் கல்யாணங்கள். 'ஃப்ரெண்டுக்கு அங்க கல்யாணம்' என்றால் வீட்டில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எந்த மாப்பிள்ளை என்று அந்தக் கூட்டத்தில் போய்த் தேடவும் முடியாது. எங்கள் ஊர் ஆண்கள் பாண்டிச்சேரி போய்வர இதைவிடத் தோதான சாக்கு ஏது? என்ன... பெருமாள் கோயில் கல்யாணப் பந்தியில் சாம்பார், ரசம், வடைதான். இறாலுக்கு வழியே இல்லை!

பிறகு பாஸ்கர் சொல்லித்தான் முழுக்கதையும் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பீர் குடித்துவிட்டு வந்தபோது முதல்முறை உடம்பு தடித்திருக்கிறது. என்ன ஆச்சு என்று கவிதா பதற, இவன் "எறா ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான், அந்த வீட்டில் இறாலுக்குத் தடை.

கவிதா பிச்சாவரம் பக்கத்துப் பெண். இறால் இல்லாத ஞாயிறு அவருக்கு ஞாயிறே இல்லை. ஆனாலும் இவன் ஏங்கிப் போவானே என்று தானும் விட்டார். மகளுக்கும் செய்வதில்லை. அம்மா வீட்டுக்குப் போனால்கூடத் தொடமாட்டாராம். ஐயாவோ அந்த இரண்டு வருஷமும் பிராண்டை மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அரித்தால் ஒரு மாத்திரை!

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் விடவில்லை. "சார், இன்னிக்குத் தப்பிச்சீங்க. எதனாலன்னு தெரியலைன்னா அடுத்த தடவ தொண்டையே அடைச்சிக்கலாம். இங்க வர்ற வரைக்கும் தாங்காது. உண்மையச் சொல்லுங்க."

நம் ஆட்கள் டாக்டரிடம் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள் — மனைவி பக்கத்தில் நிற்காத வரை. பாஸ்கர் என்னைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். கடைசியில் தலையைக் குனிந்துகொண்டான்.

"பீரு, டாக்டர். மொத தடவையும் அதான்."

கவிதா பையை எடுத்துக்கொண்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உள்ளே படுத்திருந்தவனைப் பார்க்கவும்தான்.

அப்புறம் அலர்ஜி டெஸ்ட். அதற்கும் பாண்டிச்சேரிதான் போனோம். இந்த முறை நிஜமாகவே ஆஸ்பத்திரிக்கு! பார்லி? பிரச்சினை இல்லை. ஈஸ்ட்? இல்லை. இறால்? பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. குற்றவாளி ஹாப்ஸ். பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற ஒரு கொடியின் பூவாம். பீருக்குள் பூ இருக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இவன் மாற்றிய பிராண்டுகளில் எல்லாம் அதே பூ. அப்புறம் எப்படி ஒத்துக்கொள்ளும்?

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்கிறான்: "மச்சான்... அந்தப் பூ இல்லாம பீரு போட மாட்டாங்களா?"

சிரிப்பதா, அடிப்பதா? சரி, ஆசை யாரை விட்டது? போனில் தேடிப் பார்த்தேன். போடுகிறார்களாம்! ஹாப்ஸ் பழக்கத்துக்கு வரும் முன் ஐரோப்பாவில் ஏதேதோ மூலிகைகளைப் போட்டுத்தான் காய்ச்சியிருக்கிறார்கள். இப்போதும் இஞ்சி, ஆரஞ்சுத் தோல் என்று போட்டுப் பார்க்கிறவர்கள் உண்டு. ஆனால் நம் பக்கத்துக் கடைகளில் அதற்கு எங்கே போவது?

"வேப்பம்பூ போட்டாலும் கசக்கும்ல மச்சான்?"

"அதுக்குப் பேரு ரசம்டா."

போன ஞாயிறு கவிதா சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அந்த ஆஸ்பத்திரி நாளிலிருந்து அவனிடம் அவர் சரியாகப் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். தயங்கித்தான் போனேன். வாசலிலேயே இறால் தொக்கு வாசனை. மகளுக்கு வைத்தார். எனக்கு வைத்தார். பாஸ்கர் தட்டிலும் ஒரு கரண்டி அள்ளி வைத்தார்.

"சாப்புடுங்க. இது ஒண்ணும் செய்யாதுன்னுதான் ஒங்களுக்கு மொதல்லேர்ந்தே தெரியுமே."

அவனால் சோற்றில் கை வைக்க முடியவில்லை. கண் கலங்கிவிட்டது. "சொன்னா சண்ட போடுவியேன்னுதான் கவி..." என்று இழுத்தான்.

"போட்டுத்தான் இருப்பேன். சண்டையால யாருக்காச்சும் மூச்சு நின்னு பாத்திருக்கீங்களா?"